ஒரு ரோ என்றால் என்ன? ஏஜென்டுக்காக டேட்டாபேஸ் டூல்களுக்கு விளக்கம் எழுதிய அனுபவம்

ஆர்டர், வாடிக்கையாளர், கிடங்கு இருப்பு எல்லாம் இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒன்று எங்களிடம் இருக்கிறது. சப்போர்ட்டில் இருப்பவர்கள் சாதாரணப் பேச்சு மொழியில் கேள்வி கேட்டால், ஒரு ஏஐ ஏஜென்ட் அதில் தேடிப் பதில் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். இணைப்பு இரண்டே நாளில் முடிந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், இருப்பதால் டூலை (ஏஜென்ட் கூப்பிட்டு வேலை வாங்கும் சின்ன புரோகிராம்) மாடலுக்கு (ஏஜென்டை இயக்கும் மொழி மாடல்) அறிமுகம் செய்வது பெரிய காரியமில்லை. ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசான் ஸ்கீமா, இந்த மூன்றையும் கொடுத்தால் போதும். அதற்கப்புறம் மூன்று வாரம் போனது முழுக்க அந்த விளக்கத்துக்குத்தான். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

டூலுக்குள் என்ன நிரல் ஓடுகிறது என்பது மாடலுக்குத் தெரியாது. டேபிளைத் திறந்து பார்த்ததும் கிடையாது. பெயரும் விளக்கமும் ஸ்கீமாவும் மட்டும்தான் அதன் கையில் இருக்கின்றன. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் எழுத உட்காரும்போது மறந்துபோகிறது. அந்த டேபிளோடு பல வருடம் பழகியவர்களுக்கு எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதே கண்ணில் படுவதில்லை.

முதல் டூலின் பெயர் 'சர்ச்_ஆர்டர்ஸ்'. அதற்கு நான் எழுதிய விளக்கம் இதுதான்: "ஆர்டர்களைத் தேடும்." பாராமீட்டர்கள், அதாவது டூலுக்குக் கொடுக்கும் உள்ளீடுகள், மூன்று: ஸ்டேட்டஸ், ஃப்ரம், டு. மூன்றும் வெறும் ஸ்ட்ரிங், எந்த எழுத்தையும் ஏற்கும். எங்கள் விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, இங்கே தமிழில் தருகிறேன்.

முதல் சோதனைக் கேள்வி: "போன வாரம் எத்தனை ஆர்டர் ரத்தானது?" ஏஜென்ட் சொன்ன பதில்: "போன வாரம் எந்த ஆர்டரும் ரத்தாகவில்லை." தயக்கமே இல்லாத வாக்கியம். உண்மையில் ரத்தானவை நிறைய இருந்தன. அழைப்புகள் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தால், 'கேன்சல்டு' என்ற சொல்லை மாடல் இரண்டு 'எல்' போட்டு அனுப்பியிருக்கிறது. எங்கள் டேபிளில் அது ஒரே 'எல்'. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலும் சரிதான். மாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது, டூல் ஜீரோ ரோ (டேபிளின் ஒரு வரிசைதான் ரோ) திருப்பித் தந்தது, 'ஒன்றும் இல்லை' என்று மாடல் புரிந்துகொண்டது. அந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்.

இதை இரண்டு இடத்தில் சரிசெய்தேன். ஸ்கீமாவில் ஸ்டேட்டஸை 'எனம்' (enum, குறிப்பிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) ஆக மாற்றி, ஏற்கப்படும் ஐந்து மதிப்புகளையும் அதிலேயே எழுதினேன். அது போதாது என்று தோன்றியதால், தெரியாத மதிப்பு வந்தால் காலியான பட்டியலைத் தராமல் எரர் தரும்படி டூலையும் மாற்றினேன். எரர் செய்தி இப்படி: "இந்தப் பெயரில் ஸ்டேட்டஸ் இல்லை. ஏற்கப்படுபவை இவை ஐந்தும். எழுத்துக்கூட்டல் இதே மாதிரி இருக்க வேண்டும்." அதைப் படித்த ஏஜென்ட் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொண்டது. அன்றிலிருந்து எரர் செய்திகளையும் விளக்கத்தின் ஒரு பகுதியாகவே நினைத்து எழுதுகிறேன். தவறு நடந்த அதே இடத்தில் படிக்கப்படுவதால், நீளமான விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

'எனம்' போட்டாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தேன். 'ஹோல்டு' என்று ஒரு ஸ்டேட்டஸ் இருக்கிறது. பணம் சரிபார்ப்பில் நிற்கிறதா, சரக்கு இல்லாமல் நிற்கிறதா? எங்களுக்குத் தெரியும், இரண்டாவதுதான். மாடல் முதலாவது என்று எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொல்லி ஒரு பதிலே தயாரித்துவிட்டது. அதனால் ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அதன் பொருளை அரை வரியில் எழுதினேன். ஐந்து மதிப்புக்கு ஐந்து அரை வரி. இதற்குச் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

அடுத்த சிக்கல் கொஞ்சம் ஒளிந்திருந்தது. "இந்த மாதம் எத்தனை ஆர்டர் வந்தது?" என்று கேட்டால் பதில் 50. போன மாதம்? 50. அதற்கு முந்தைய மாதம்? அதுவும் 50. மூன்றாவது 50 வந்தபோதுதான் உறைத்தது. டூலுக்குள் ஒரு லிமிட் 50 போட்டு வைத்திருந்தேன், விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கைக்கு வந்த ரோக்களை மாடல் எண்ணிச் சொல்லியிருக்கிறது.

"அதிகபட்சம் 50 ரோதான் வரும், எண்ணிக்கைக் கேள்விக்கு இதைப் பயன்படுத்தாதே" என்று விளக்கத்தில் சேர்த்துப் பார்த்தேன். ஓரளவுக்குச் சரியானது. முழுதாகச் சரியானது, டூல் திருப்பித் தரும் பதிலையே மாற்றிய பிறகுதான். இப்போது பதிலின் தலையில் 'மொத்தம் பொருந்தியவை', 'இதில் காட்டியவை' என்று இரண்டு எண்கள் வருகின்றன. கூடவே, எண்ணுவதற்கென்றே 'கவுன்ட்_ஆர்டர்ஸ்' என்று தனி டூல் வைத்தேன். விளக்கத்தில் என்ன சொன்னாலும் கையில் வரும் டேட்டா வேறு கதை சொன்னால், மாடல் டேட்டாவைத்தான் நம்புகிறது.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை இதுவே எடுத்துக்கொண்டது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இருக்கிறார். ஆர்டர் டேபிளை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அவரிடம் டூல் விளக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்துக் கொடுத்து, "நீங்கள்தான் ஏஜென்ட், இந்தக் கேள்விக்கு எந்த டூலை என்ன மதிப்போடு கூப்பிடுவீர்கள் என்று எழுதுங்கள்" என்றேன். ஒரு நிமிடம் படித்துவிட்டு, "அண்ணா, இதில் தேதின்னா எந்தத் தேதி? ஆர்டர் போட்ட தேதியா, அனுப்பின தேதியா?" என்று கேட்டார். அப்புறம், "டு தேதி அந்த நாளையும் சேர்த்தா, சேர்க்காமலா?" மூன்றாவதாக, "நேத்துன்னா யாரோட நேத்து?"

மூன்றுக்கும் விளக்கத்தில் பதில் இல்லை. மூன்றும் மாடல் ஏற்கெனவே தவறு செய்த இடங்கள். லாகில் நான் நாள் கணக்கில் தேடியதை அவர் பத்து நிமிடத்தில் கேட்டுவிட்டார். அதன் பிறகு எந்த விளக்கத்தையும் அவர் படித்துக் கேள்வி கேட்காமல் வெளியே விட்டதில்லை.

அவருடைய இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். டூல் உள்ளே 'பிட்வீன்' (இரண்டு எல்லைக்குள் இருப்பவற்றை எடுக்கும் நிபந்தனை) பயன்படுத்திக்கொண்டிருந்தது. டு என்று 2025-03-31 கொடுத்தால், நேரம் உள்ள ஃபீல்டோடு ஒப்பிடும்போது போஸ்ட்கிரெஸ் அதை மார்ச் 31, 00:00 மணி என்று எடுத்துக்கொள்ளும். அதாவது அந்த நாள் தொடங்கும் நொடி. அன்று காலை முதல் இரவு வரை வந்த ஆர்டர்கள் எல்லாம் கணக்குக்கு வெளியே நின்றுவிடும். மாதக் கணக்கில் கடைசி நாள் காணாமல் போவதை யாரும் சட்டென்று கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் எண் நம்பும்படியாகவே இருக்கும்.

நேர மண்டலமும் இதே மாதிரிதான். 'டைம்ஸ்டாம்ப்டிஇசட்' (நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்கும் நேர வகை) ஃபீல்டு உள்ளுக்குள் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கிறது, காட்டும்போது செஷனின், அதாவது அந்த இணைப்பின், நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. எங்கள் டூலின் செஷன் யுடிசியில் இருந்தது. கேட்பவரின் 'நேற்று'ம் டூலின் 'நேற்று'ம் சில மணி நேரம் விலகி நின்றன.

பாராமீட்டர்களின் பெயரை மாற்றினேன். 'ஃப்ரம்', 'டு' போய் 'ஆர்டர்டு_ஆன்_ஆர்_ஆஃப்டர்', 'ஆர்டர்டு_பிஃபோர்' வந்தன. பெயர் நீளம்தான், ஆனால் எந்தத் தேதி, எந்தப் பக்கம் சேரும் என்ற இரண்டு கேள்விக்கும் பெயரே பதில் சொல்லிவிடுகிறது. இரண்டாவதற்கு எழுதிய விளக்கம்: "இந்த நேரத்துக்கு முன்னால் போடப்பட்ட ஆர்டர்கள் மட்டும். இந்த நேரம் சேராது. மார்ச் மாதம் முழுவதும் வேண்டுமென்றால் ஏப்ரல் 1, 00:00 என்று கொடு. ஐஎஸ்ஓ 8601 வடிவம், நேர மண்டல வித்தியாசத்தோடு. வித்தியாசம் இல்லாமல் வந்தால் எரர்." அந்த மார்ச் உதாரணம்தான் இதில் உயிர். அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், பழைய தவறு திரும்ப வந்தது. விதியைச் சொல்வதோடு ஓர் உதாரணத்தையும் கொடுத்துவிட்டால் மாடலுக்குச் சந்தேகம் வருவதில்லை.

இதுவரை சொன்னது வரையறுத்த டூல்கள். இவற்றில் அடங்காத கேள்விகளுக்காக 'ரன்_எஸ்கியூஎல்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் மாடலே கொயரி, அதாவது தேடல் கட்டளை, எழுதி அனுப்பும். இங்கேதான் தலைப்பில் இருக்கும் கேள்வி வந்தது.

"போன வார விற்பனை மொத்தம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு வந்த எண், உண்மையைவிட ரொம்பவே அதிகம். கொயரி பார்ப்பதற்கு அழகாக இருந்தது. 'ஆர்டர்ஸ்' டேபிளை 'ஆர்டர்_ஐட்டம்ஸ்' டேபிளோடு ஜாயின் செய்து (இணைத்து), ஆர்டரின் மொத்தத் தொகையைக் கூட்டியிருந்தது. ஓர் ஆர்டரில் மூன்று பொருள் இருந்தால், ஜாயினுக்குப் பிறகு அந்த ஆர்டர் மூன்று ரோவாக விரியும், ஒவ்வொன்றிலும் அதே மொத்தத் தொகை நிற்கும். 900-க்கான ஆர்டர் கூட்டலில் 2,700 ஆகிவிடும். எஸ்கியூஎல் எழுதும் எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்திருக்கும் குழி இது.

அப்போது டேபிள் விளக்கங்களைப் படித்துப் பார்த்தேன். 'ஆர்டர்_ஐட்டம்ஸ்' டேபிளுக்கு "ஆர்டர் பொருள் விவரங்கள்" என்று இருந்தது. பெயரையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. எல்லா டேபிளுக்கும் முதல் வாக்கியத்தை இப்படி மாற்றினேன்: "ஒரு ரோ என்பது ஓர் ஆர்டரில் உள்ள ஒரு பொருள். மூன்று பொருள் உள்ள ஆர்டருக்கு மூன்று ரோ இருக்கும்." 'ஆர்டர்ஸ்' டேபிளுக்கு: "ஒரு ரோ என்பது ஓர் ஆர்டர். 'டோட்டல்' ஃபீல்டு ஆர்டர் முழுமைக்குமான தொகை. ஐட்டம்ஸோடு ஜாயின் செய்த பிறகு இதைக் கூட்டாதே, 'லைன்_டோட்டல்' ஃபீல்டைக் கூட்டு."

டேபிளை விளக்க ஒரே ஒரு வாக்கியம்தான் எழுத நேரம் இருக்கிறது என்றால், ஒரு ரோ என்றால் என்ன என்பதைத்தான் எழுதுவேன். ஃபீல்டு பட்டியல் ஸ்கீமாவிலேயே கிடைக்கும், டைப்பும் கிடைக்கும். ஒரு ரோ எதைக் குறிக்கிறது என்பது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது, டேபிளை உருவாக்கியவரின் மனதில் மட்டும் இருக்கும்.

காலியான மதிப்புகளுக்கும் இதே கவனம் வேண்டும். 'ஷிப்டு_அட்' (அனுப்பிய நேரம்) காலியாக, அதாவது 'நல்' (null) ஆக, இருந்தால் இன்னும் அனுப்பவில்லை என்று பொருள். ஆனால் பழைய சிஸ்டத்திலிருந்து கொண்டுவந்த ஆர்டர்களிலும் அது காலிதான், அவை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. இதைச் சொல்லாமல் விட்டதால், வருடக் கணக்கில் அனுப்பாமல் கிடக்கும் ஆர்டர்கள் என்று ஒரு நீண்ட பட்டியலை ஏஜென்ட் தயாரித்தது. சப்போர்ட்டில் ஒருவர் அதைப் பார்த்துப் பதறிப்போனார். ஒரு வரி சேர்த்தவுடன் சரியானது.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதில் விளக்கங்கள் பெருத்துவிட்டன. 'ரன்_எஸ்கியூஎல்' விளக்கம் மட்டும் மூன்று பக்கம். டூல் விளக்கங்கள் ஒவ்வொரு அழைப்பின்போதும் மாடல் படிக்கும் கான்டெக்ஸ்டுக்குள் போகின்றன, டோக்கன் செலவு (டோக்கன் என்பது மாடல் படிக்கும் சொல்துண்டு) ஒரு பக்கம். எனக்குக் கவலை தந்தது வேறு: முன்பு சரியாக வந்த பதில்கள் தவற ஆரம்பித்தன. 'கட்டாயம்', 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று பத்து இடத்தில் அழுத்தி எழுதியிருந்தேன். எல்லாமே அழுத்தமாக இருந்தால் எதுவும் தனியாகத் தெரிவதில்லை. தேவையே இல்லாத கேள்விக்கும் மாடல் அந்த டூலைக் கூப்பிட ஆரம்பித்தது.

அதனால் பிரித்தேன். டூல் விளக்கத்தில் எப்போது இதைக் கூப்பிடுவது, எப்போது வேறு டூலிடம் போவது, என்ன திரும்ப வரும், இவை மட்டும். டேபிள், ஃபீல்டு விவரங்களை போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே 'கமென்ட் ஆன் டேபிள்', 'கமென்ட் ஆன் காலம்' (column) கட்டளைகளால் எழுதி வைத்தேன். 'டிஸ்கிரைப்_டேபிள்' என்று ஒரு சின்ன டூல் அவற்றைப் படித்துத் தரும். கொயரி எழுதும் முன் தனக்கு வேண்டிய டேபிளை மட்டும் மாடல் கேட்டுக்கொள்கிறது. இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. கமென்ட்டுகள், டேபிள் மாற்றங்களை எழுதும் மைக்ரேஷன் ஃபைலில் ஃபீல்டின் பக்கத்திலேயே இருப்பதால், யாராவது ஃபீல்டை மாற்றினால் ரிவ்யூவில் கமென்ட்டும் கண்ணில் படுகிறது. தனி ஃபைலில் இருந்த விளக்கம் இரண்டே வாரத்தில் பழசாகிப்போயிருந்தது.

பெயர்க் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கெட்_கஸ்டமர்', 'ஃபைண்ட்_கஸ்டமர்', 'லுக்அப்_கஸ்டமர்' என்று மூன்று டூல்கள், மூன்று பேர் மூன்று சமயத்தில் எழுதியவை. எந்த விளக்கம் எழுதியும் மாடல் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்றையும் ஒன்றாக்கி, ஐடி, மின்னஞ்சல், பெயர் எதைக் கொடுத்தாலும் தேடும்படி செய்தேன். தீர்ந்தது.

டேட்டாவை மாற்றக்கூடிய டூல்கள் விஷயத்தில் மட்டும் விளக்கத்தை நம்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 'ரன்_எஸ்கியூஎல்' விளக்கத்தில் "படிக்க மட்டும்" என்று எழுதலாம். எம்சிபியில் 'ரீட்ஒன்லி ஹிண்ட்' என்ற குறிப்பும் வைக்கலாம். பெயரே சொல்கிறது, அது குறிப்புதான், தடுப்பு கிடையாது. ரீட்ஒன்லி டிரான்சாக்ஷனுக்குள் (எழுத அனுமதிக்காத கட்டளைத் தொகுப்புக்குள்) ஓட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒரே அழைப்பில் பல கட்டளைகளை ஏற்கும்படி விட்டிருந்தால், முதலில் ஒரு 'கமிட்' போட்டாலே அந்த டிரான்சாக்ஷன் முடிந்துவிடும், அடுத்த கட்டளை அதற்கு வெளியே ஓடும். கெட்ட எண்ணத்தோடு யாராவது ஆர்டர் குறிப்பில் எழுதி வைத்த வாக்கியத்தைப் படித்துவிட்டு மாடலே அப்படி அனுப்பக்கூடும். இப்போது அந்த டூலுக்குத் தனி ரோல் (டேட்டாபேஸ் பயனர்), சில வியூக்களில் (டேபிள்களிலிருந்து தேவையானதை மட்டும் காட்டும் சேமித்த கொயரிகள்) செலக்ட், அதாவது படிக்கும், அனுமதி மட்டும், ஒரு கட்டளை ஓடக்கூடிய நேரமான 'ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்' 5 விநாடி. விளக்கம் மாடலுக்கு வழி காட்டும், காவல் வேலையை டேட்டாபேஸ்தான் பார்க்க வேண்டும்.

'கேன்சல்_ஆர்டர்' டூலின் விளக்கத்தில் பின்விளைவுகளைச் சேர்த்தேன்: "ரத்து செய்த ஆர்டரை மீட்க முடியாது. வாடிக்கையாளருக்கு உடனே மின்னஞ்சல் போகும்." மின்னஞ்சல் போவது நிரலுக்குள் எங்கோ ஆழத்தில் நடப்பதால் முதலில் எனக்கே நினைவில் இல்லை. சோதனைச் சூழலில் போலி முகவரிகளுக்குப் போன மின்னஞ்சல்களைப் பார்த்துத்தான் தெரிந்தது.

சோதனைக்கு 24 கேள்விகள் வைத்திருக்கிறேன். எல்லாம் சப்போர்ட்டில் உண்மையாகக் கேட்கப்பட்டவை, பதிலை நானே கையால் கொயரி எழுதிச் சரிபார்த்தவை. மாடலின் பதில் தடவைக்குத் தடவை மாறலாம் என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுகிறேன். இறுதிப் பதில் மட்டும் பார்ப்பதில்லை. எந்த டூலைக் கூப்பிட்டது, என்ன மதிப்பு கொடுத்தது என்பதையும் பார்க்கிறேன், ஏனென்றால் தவறான வழியில் போய்ச் சரியான எண்ணைத் தற்செயலாகத் தொட்டுவிடுவதும் உண்டு. ஒரு சமயத்தில் ஒரு விளக்கத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கடைசியாக வந்தது 'ரீஃபண்ட்_அமவுண்ட்' ஃபீல்டு. எத்தனை முறை எழுதியும் விளக்கம் நிற்கவில்லை. பழைய ரோக்களில் அது வாடிக்கையாளர் கேட்ட தொகை, புதிய ரோக்களில் உண்மையில் திருப்பிக் கொடுத்த தொகை, பகுதி ரீஃபண்டில் மட்டும் இன்னொரு விதம். ஐந்து வாக்கியம் எழுதினேன், ஒவ்வொன்றிலும் ஒரு 'ஆனால்'. தம்பி படித்துவிட்டு, "அண்ணா, இது விளக்கத்தில சரியாகுற விஷயமா தெரியலையே, டேபிள்லயே பிரிச்சுடலாமா?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஒரு வியூ எழுதி 'ரெக்வெஸ்டட்_அமவுண்ட்', 'பெய்ட்_அமவுண்ட்' என்று இரண்டு ஃபீல்டாகப் பிரித்தோம். இரண்டுக்கும் ஆளுக்கொரு வாக்கியம் போதுமாக இருந்தது. அறிக்கை தயாரிக்கும் குழுவும் இப்போது அந்த வியூவையே எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைய நிலவரம்: 22 கேள்விகள் மூன்று தடவையும் சரி. மீதி இரண்டும் 'தாமதமான ஆர்டர்' பற்றியவை. எத்தனை நாள் போனால் தாமதம் என்று டேட்டாபேஸில் எங்கும் இல்லை. சப்போர்ட் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், கிடங்கு இன்னொரு கணக்கு. இப்போதைக்கு விளக்கத்தில் "தாமதம் என்று கேட்டால், எத்தனை நாளுக்கு மேல் என்று கேட்பவரிடமே கேள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை இரண்டு குழுவையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசப் போகிறோம். முடிவானதும் அந்த வரியை எடுத்துவிட்டு எண்ணைப் போட வேண்டும்.